தோல்வி யாருடையது?

வயதுவந்த ஒருவர் பின்னக் கணக்குப் படிப்பதற்காக மீண்டும் வகுப்பறைக்கு வந்து அமர்வது எளிய காரியமன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சமுதாயக் கல்லூரிகளில் இக்காட்சி பல்லாண்டுகளாகப் பழகிப்போன ஒன்று. பகலெல்லாம் களஞ்சியத்திற் பொதி சுமந்தவரும், முதியோர் இல்லத்தில் வேலைசெய்து களைத்த தாயும், படைச்சேவையிலிருந்து மீண்ட இளைஞரும் மாலைவேளையில் ஒன்றாக அமர்ந்து, பன்னிரண்டு வயதிற் படித்து முடித்திருக்க வேண்டியதெனப் பிறர் கருதும் பாடத்தைப் பயில்கின்றனர். முழு எண், பின்னம், தசமம், சதவீதம், மறை எண், எளிய சமன்பாடு ஆகியவையே அப்பாடம். அட்சர கணிதத்துக்கு முந்திய படியாதலின், அதனை அட்சர கணித முன்பாடம் எனலாம்.

இப்பாடத்தில் ஒருவர் சித்தியடைந்தால் அஃது அவரது முயற்சியின் பயன் என்கிறோம். தவறினால் அஃது அவரது குறை என்கிறோம். இவ்விரு கூற்றுகளும் எவ்வளவு தூரம் உண்மையானவை என்பதே இங்கு நாம் ஆராயப் புகும் வினா. சாதாரண தரப் பரீட்சையிற் கணிதத்தில் தவறியமையால், ‘நீ படிப்புக்கு ஆகாதவன்’ என்ற தீர்ப்பைச் சுமந்து திரியும் இளைஞரை அறிந்த நமது வாசகர்க்கு இவ்வினா அந்நியமானதன்று.

சமுதாயக் கல்லூரி என்னும் அமைப்பு உயர்ந்த நோக்கத்துடன் வளர்ந்த ஒன்று. அவ்வகையில் நிலைத்து நிற்கும் மிகப் பழைய அரச கல்லூரி 1901 இல் இலினொய் மாநிலத்தின் ஜோலியெற் நகரிலே தொடங்கப்பெற்றது. ஜனாதிபதி ட்ரூமன் நியமித்த உயர்கல்வி ஆணைக்குழு 1947 இல், பொதுமக்கள் அனைவருக்கும் எட்டத்தக்க சமுதாயக் கல்லூரிகளை நாடெங்கும் பரப்பவேண்டுமென விதந்துரைத்தது. கறுப்பின மாணவரும் போர்ட்டோ ரிக்கோ மாணவரும் 1969 இல் நடத்திய போராட்டத்தின் பின், 1970 இல் நியூயோர்க் நகரப் பல்கலைக்கழகம் அந்நகரின் உயர்நிலைப் பாடசாலைகளில் தேறிய எல்லோருக்கும் இடமளித்தது. கதவு திறந்தது உண்மையே. ஆயின், திறந்த கதவுக்குள்ளே இன்னொரு கதவு இருந்தது. கல்லூரிக்கு வந்தவர் எந்த வகுப்பிற் சேரத்தக்கவர் எனத் தீர்மானிக்கும் சோதனையே அது. சில மணி நேரத்தில் முடிந்துவிடும் அச்சோதனையிற் குறைந்த புள்ளி பெற்றவர், பட்டத்துக்குரிய கணித வகுப்புக்குச் செல்லுமுன் இரண்டு அல்லது மூன்று படிகளைக் கடத்தல் வேண்டும். அவற்றுள் அடிப்படியே நாம் கூறும் முன்பாடம். அவ்வகுப்புகளுக்குக் கட்டணம் உண்டு. பட்டத்துக்கான கணக்கில் அவை பெரும்பாலும் சேர்வதில்லை.

இவ்வேணியின் தன்மையை அம்முன்பாடத்தின் சதவீதக் கணக்கைக் கொண்டே விளக்கலாம். நூறு பேர் அடிப்படியில் நிற்கின்றனர் என்க. ஒவ்வொரு படியிலும் நூற்றுக்கு எழுபது பேர் சித்தியடைந்து மேலே செல்கின்றனர் எனக் கொள்வோம். எழுபது என்பது நல்ல பெறுபேறென்றே எந்த ஆசிரியரும் சொல்வார். ஆயினும், முதற்படிக்குப் பின் 70 பேர், இரண்டாம் படிக்குப் பின் 49 பேர், மூன்றாம் படிக்குப் பின் 34 பேரே எஞ்சுவர். பட்டத்துக்குரிய வகுப்பின் வாசலை அடையுமுன்னரே மூன்றில் இரண்டு பங்கினர் மறைந்துவிடுகின்றனர். நடைமுறை இதனினும் கொடியது. தொமஸ் பெய்லி முதலியோர் 2010 இல் வெளியிட்ட ஆய்வொன்றின்படி, மிகக் கீழான படிக்கு அனுப்பப்பட்டோருள் ஏறத்தாழ 17 வீதத்தினரே படிகள் அனைத்தையும் முடித்தனர். அவ்வாய்வு கூறிய இன்னொரு செய்தியும் சிந்திக்கற்பாலது. படிகளிடையே விலகியவர்களுள், வகுப்பிலே தவறியவர்களைவிட, முதல் வகுப்புக்கோ அடுத்த வகுப்புக்கோ பதிவே செய்யாமற் போனவர்கள் அதிகம். அவர்கள் கணிதத்திற் தோற்றவர்களல்லர். கணிதத்தைத் தொடுவதற்கு வாய்ப்பில்லாமற் போனவர்கள்.

இத்தனையையும் கேட்ட பின்னரும், ‘உழைப்பவன் வெல்வான், சோம்பியிருப்பவன் தோற்பான்’ என்று கூறுவோர் உளர். உழைப்பின்றிக் கணிதம் வாராது என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆனால், தோற்றவரெல்லாம் உழையாதவர் என்னும் முடிபு அதிலிருந்து பெறப்படுவதன்று. 1970களில் பேர்க்லியிலுள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தில் யூரி டிரைஸ்மன் என்பார், நுண்கணித வகுப்பிற் கறுப்பின மாணவர் பெருந்தொகையாகத் தவறுவதேன் என ஆராய்ந்தார். ஊக்கமின்மை, குடும்பத்தின் அக்கறையின்மை என ஆசிரியர் பலர் முன்கூட்டியே காரணம் வைத்திருந்தனர். டிரைஸ்மன் மாணவரோடு கூடவேயிருந்து பார்த்தபோது அக்காரணங்கள் நிலைக்கவில்லை. அம்மாணவர் கடுமையாகவே உழைத்தனர். ஆனால், தனித்தனியே அறைக்குள் இருந்து உழைத்தனர். சீன அமெரிக்க மாணவரோ கூடிப் படித்தனர். ஒருவர் பிழையை மற்றவர் திருத்தினர். பின்னர் டிரைஸ்மன் கூடிப் பயிலும் பட்டறைகளை அமைத்தார். எளிய கணக்குகளை அவர் கொடுக்கவில்லை, கடினமானவற்றையே கொடுத்தார். பெறுபேறுகள் வியக்கத்தக்க அளவு உயர்ந்தன. ஒருவருடைய ‘குறை’ எனப்பட்டது பெருமளவுக்கு அவரது தனிமையே என்பது அதனாற் புலனாயிற்று.

இனி, அம்முன்பாடத்தைப் போதிக்கும் முறையைப் பார்ப்போம். அரையையும் மூன்றிலொன்றையும் கூட்டச் சொன்னால், மேலதை மேலதோடும் கீழதைக் கீழதோடும் கூட்டி, ஐந்தில் இரண்டு என எழுதுவோர் பலர். இஃது அறிவின்மையன்று. யாரோ இட்ட கட்டளையை மறந்து, தமக்குத் தெரிந்த வேறொரு கட்டளையை அவர்கள் கையாளுகின்றனர். ஐந்தில் இரண்டு பாதியினும் குறைவு. பாதியோடு மேலும் ஒன்றைக் கூட்டினால் அது எவ்வாறு குறையும் என ஒருமுறை அவர்களை வினவச் செய்தால், அவர்கள் தம் பிழையைத் தாமே காண்பர். ஆறில் மூன்றும் ஆறில் இரண்டும் சேர்ந்து ஆறில் ஐந்தாவதை அதன்பின் மறவார்.

மறை எண்களின் செய்தியும் இத்தகையதே. ‘மறையை மறையாற் பெருக்க நேர் வரும்’ என்பது பல வகுப்புகளில் மந்திரம்போல ஓதப்படுகின்றது. காரணம் சொல்வது கடினமன்று. நாலும் மறை நாலும் சேர்ந்தாற் பூச்சியம். பூச்சியத்தை மறை மூன்றாற் பெருக்கினாலும் பூச்சியமே. மறை மூன்றை நாலாற் பெருக்கினால் மறை பன்னிரண்டு. மூன்று ரூபாய்க் கடன் நாலு முறை ஏறினாற் பன்னிரண்டு ரூபாய்க் கடன் என்பது யாருக்கும் விளங்கும். ஆகவே, மொத்தம் பூச்சியமாக வேண்டுமெனில், மறை மூன்றை மறை நாலாற் பெருக்கி வருவது நேர் பன்னிரண்டாகவே இருத்தல் வேண்டும். இதனை உணர்ந்தவர் ஆசிரியரின் சொல்லுக்காக அவ்விதியை நம்புவதில்லை; தம் அறிவின் துணைகொண்டு அதனை ஏற்கின்றார். அதிகாரத்துக்குப் பணிந்து விடையெழுதுவதற்கும் காரணம் கண்டு உடன்படுவதற்கும் உள்ள வேறுபாடு கணிதத்துக்கு மட்டும் உரியதன்று. காரணம் கேட்கும் உரிமை மறுக்கப்பட்டவருக்குக் கணிதம் மட்டுமன்றி, வாழ்வின் ஏனைய விதிகளும் மாற்றமுடியாத கட்டளைகளாகவே தோன்றும்.

அண்மைக் காலத்தில் இவ்வேணிக்கு எதிரான குரல்கள் வலுத்தன. நியூயோர்க்கில் நடைபெற்று 2016 இல் வெளியான பரிசோதனையொன்றில், அடிப்படை அட்சர கணிதம் தேவையெனக் கணிக்கப்பட்ட மாணவர் சீட்டு முறையிற் பிரிக்கப்பட்டனர். வழமையான அட்சர கணித வகுப்பில் 39 வீதத்தினர் சித்தியடைய, உதவிப் பட்டறையுடன் நேரே கல்லூரித் தரப் புள்ளிவிபரவியலுக்கு அனுப்பப்பட்டோருள் 56 வீதத்தினர் சித்தியடைந்தனர். புளோரிடா 2013 இலும் கலிபோர்ணியா 2017 இலும் இயற்றிய சட்டங்கள் பழைய படிகளைப் பெரிதும் அகற்றின. வேண்டாத தடையை நீக்கிய அளவில் இவை வரவேற்கத்தக்கனவே.

ஆயினும், இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. தடையை நீக்குவது வேறு. அறிவை நீக்குவது வேறு. ‘இவர்களுக்குக் கணிதம் எதற்கு?’ என்று இரக்கத்தோடு கேட்பவரும் உளர். தம் பிள்ளைகளைப் பற்றி அவர்கள் அவ்வாறு கேட்பதில்லை. வட்டியையும் வரியையும் வேதனப் பட்டியலையும் வாசிக்கத் தெரியாத தொழிலாளரால் நன்மையடைவோர் யார் என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ரொபேட் மோசஸ் இதனைத் தெளிவாக உணர்ந்தவர். 1960களின் தொடக்கத்தில் மிசிசிப்பி மாநிலத்திற் கறுப்பின மக்களை வாக்காளராகப் பதிவுசெய்ய உயிரைப் பணயம்வைத்து உழைத்தவர் அவர். அங்கே அரசு முதலில் அம்மக்களுக்குப் போதிய பாடசாலைகளை மறுத்தது. பின்னர் எழுத்தறிவில்லையெனக் கூறி வாக்குரிமையை மறுத்தது. தான் செய்த குற்றத்துக்குப் பாதிக்கப்பட்டவரையே தண்டிக்கும் இம்முறை வேறு வேடங்களிலும் வரும் என்பதை மோசஸ் கண்டார். 1982 இல் அட்சர கணிதத் திட்டத்தைத் தொடங்கி, 2021 இல் மறையும்வரை அப்பணியைத் தொடர்ந்தார். பிள்ளைகளைச் சுரங்க ரயிலில் ஏற்றி, நிலையங்களை எண்கோடாகவும், எதிர்த்திசைப் பயணத்தை மறை எண்ணாகவும் அவர்களே கண்டறியச் செய்தமை அவரது கற்பித்தல் முறைகளுள் ஒன்று. மக்களுக்கு எளியதைக் கொடுத்து அனுப்பிவிட அவர் விரும்பவில்லை. உரியதை முழுமையாகவே கொடுக்க விரும்பினார்.

பிளேட்டோவின் ‘மேனோ’ என்னும் உரையாடலிலே சோக்கிரதீஸ், படிப்பறியாத அடிமைச் சிறுவன் ஒருவனிடம், ஒரு சதுரத்தின் இருமடங்கு பரப்புள்ள சதுரத்தை வரையுமாறு கேட்கிறார். சிறுவன் இருமுறை பிழைவிடுகிறான். தனக்குத் தெரியாதென ஒப்புக்கொள்கிறான். பின்னர் வினாக்களின் வழியே விடையைக் காண்கிறான். எந்த மனிதனும் காரணம் காணவல்லவன் என்பதற்கு இதனினும் பழைய சான்று தேடவேண்டியதில்லை. ஆனால், அச்சிறுவனின் பெயரை அந்நூல் கூறவில்லை. பாடம் முடிந்த பின்னும் அவன் அடிமையாகவே இருந்தான்.

ஆகவே, சித்தி என்பது இருவர்மீது கடமை சுமத்துகின்றது. நாள்தோறும் பயில்வதும், விளங்காதபோது வெட்கமின்றிக் கேட்பதும், அயலில் இருப்பவரோடு கூடிப் படிப்பதும் மாணவரின் கடமை. கூடுவதற்கு நேரத்தையும், கேட்பதற்கு ஆசிரியரையும், படித்து முடித்தபின் ஏறுவதற்கு உண்மையான வழியையும் அளிப்பது சமுதாயத்தின் கடமை. முன்னதில் தவறியவரைப் பரீட்சைத் தாள் காட்டிக் கொடுக்கின்றது. பின்னதில் தவறியவரைக் காட்டிக் கொடுக்கும் தாள் எதுவும் இல்லை. அதனாலேயே, மாலை வகுப்பில் வெறுமையாகக் கிடக்கும் கதிரையைக் காணும்போது, அதில் இருந்தவர் ஏன் வரவில்லை எனக் கேட்கும் பொறுப்பு நம்முடையதாகின்றது.