நியூட்ரலில் விடுவது ஒரு செயலா?

பாய்மரப் படகு காற்றில் ஓடும்போது அதன் டீசல் எஞ்சின் அணைந்திருக்கும். ஆனால் நீருக்கடியில் இருக்கும் புரொப்பல்லருக்கு ஓய்வு இல்லை. படகு முன்னேற முன்னேற, எதிரே வரும் நீர் அதன் இதழ்களைத் தள்ளுகிறது. கியர் நியூட்ரலில் இருந்தால் புரொப்பல்லரும் அதன் தண்டும் தாமாகவே சுழலும். ரிவர்ஸில் போட்டு வைத்தால் தண்டு எஞ்சினோடு பிணைந்து நின்றுவிடும். இரண்டில் எது சரி என்பது படகோட்டிகளிடையே தீராத வழக்கு. எந்திரவியலைச் சேர்ந்ததாகத் தோன்றும் இந்த வழக்குக்குள் மெய்யியலின் பழைய கேள்வி ஒன்றும் இருக்கிறது. நடப்பதை அதன் போக்கில் விட்டுவிடுபவர் எதையாவது செய்தவர் ஆவாரா? விட்டதன் விளைவுக்கு அவர் பொறுப்பாளியா?

எந்திரத்தின் பக்கத்தை முதலில் பார்க்க வேண்டும். நிறுத்தி வைத்த புரொப்பல்லர்தான் படகைக் குறைவாகப் பின்னிழுக்கும் என்று பலர் நம்பிவந்தனர். ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட சோதனை முடிவுகள் அந்த நம்பிக்கையைக் கவிழ்த்தன. மடங்காத இதழ்கள் கொண்ட புரொப்பல்லரைப் பூட்டி வைத்தால் நீரின் தடை கூடுகிறது, தடையின்றிச் சுழல விட்டால் குறைகிறது. வேகம் வேண்டுபவருக்கு நியூட்ரல்தான் ஏற்றது என்றாகிறது. ஆனால் சுழற்சிக்கும் விலை உண்டு. தண்டைத் தாங்கும் பேரிங்கும் நீர் உள்ளே கசியாமல் தடுக்கும் சீலும் தேய்கின்றன, இரவெல்லாம் படகுக்குள் உறுமல் கேட்கிறது. சில கியர்பெட்டிகளில் எஞ்சின் ஓடினால்தான் எண்ணெய் பம்பும் ஓடும். அவற்றில் நெடுநேரச் சுழற்சி, எண்ணெய் போதாத உறுப்புகளைச் சேதப்படுத்தும். மறுபுறம், கூம்பு வடிவக் கிளட்ச் உள்ள பெட்டியைக் கியரில் பூட்டி வைத்தால் கிளட்ச் நழுவித் தேயலாம், அல்லது இறுகிப்போய் விடுபட மறுக்கலாம். யன்மார் நிறுவனம் தன் கியர்பெட்டிகளை நியூட்ரலில் விடச் சொல்கிறது. வேறு சில தயாரிப்பாளர்கள் ரிவர்ஸுக்கும் இடம் தருகிறார்கள். மடங்கும் புரொப்பல்லர் உள்ள படகில் கணக்கே வேறு, தண்டு நின்றால்தான் இதழ்கள் ஒழுங்காக மடங்கும்.

ஆக, லீவரை எந்த இடத்தில் வைத்தாலும் ஏதோ ஒன்று நடந்துகொண்டே இருக்கிறது, ஏதோ ஒன்று தேய்ந்துகொண்டே இருக்கிறது. எதுவும் நடக்காத இடம் என்று ஒன்று அதில் இல்லை. மெய்யியலின் கேள்வி இங்கே கூர்மையடைகிறது. சுழற்றுவது நீர், தேய்ப்பது உராய்வு. அப்படியிருக்க, சுழல விட்டவரின் பங்கு என்ன?

அரிஸ்டாட்டில் தம் ‘இயற்பியல்’ நூலின் இரண்டாம் பகுதியில், காரணங்களை வகைப்படுத்தும் இடத்தில், ஒரு கப்பலைத்தான் எடுத்துக்காட்டாகக் கொண்டார். எவர் இருந்திருந்தால் கப்பல் பிழைத்திருக்குமோ, அந்த மாலுமி இல்லாமற்போனதே கப்பல் கவிழ்ந்ததற்குக் காரணம் என்றார். ஒன்றின் இருப்பு எதற்குக் காரணமோ, அதன் எதிர்நிலைக்கு அதன் இன்மை காரணமாகலாம் என்பது அவர் வாதம். இதற்கு எழும் மறுப்பு எளிதில் தள்ளக்கூடியதல்ல. அந்த நேரத்தில் கப்பலில் இல்லாதவர்கள் கோடிப் பேர். துறைமுகத்தில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தவரும் கப்பலில் இல்லை. கவிழ்ந்ததற்கு அவர் ஏன் காரணமில்லை? அவருக்குச் சுக்கான் பிடிக்கத் தெரியாது என்பது அரைகுறையான பதில். கரையில் ஓய்வெடுக்கும் வேறொரு தேர்ந்த மாலுமியும் அந்தக் கப்பலில் இல்லை, அவரை யாரும் குறை சொல்வதில்லை. சுக்கான் எவரிடம் ஒப்படைக்கப்பட்டதோ அவருடைய இன்மையை மட்டுமே உலகம் காரணமாகக் கணக்கிடுகிறது. செய்யாமை காரணமாவதற்கு முன்பே அங்கே ஒரு கடமை நின்றாக வேண்டும். இந்தக் கேள்வி பற்றி எழுதப்பட்டவற்றுள் மிக உறுதியான அடித்தளம் இதுவே.

பிரிட்டிஷ் மெய்யியலாளர் பிலிப்பா ஃபுட் 1967இல் எழுதிய கட்டுரை ஒன்று, விடுவதையே இரண்டாகப் பிரித்தது. நடந்துகொண்டிருப்பதைத் தடுக்க முடிந்தும் தடுக்காமல் இருப்பது ஒன்று. நடக்கவிடாமல் பிடித்து வைத்திருந்த தடையை அகற்றுவது மற்றொன்று. தொடக்கத்திலிருந்தே நியூட்ரலில் கிடக்கும் கியரை அப்படியே விட்டு வைப்பவர் முதல் வகை. ரிவர்ஸில் பூட்டியிருந்த தண்டை விடுவிப்பவர் இரண்டாம் வகை. இரண்டாமவரின் கை அசைந்தது, முதலாமவரின் கை அசையவில்லை. ஆனால் சுழற்றும் விசை இரண்டிலும் நீருடையதே. ஆகவே கை அசைந்ததா என்று பார்ப்பது செய்வதற்கும் விடுவதற்கும் நல்ல அளவுகோல் அல்ல. எந்த விசை வேலை செய்கிறது, அது யாரால் தொடங்கியது என்று பார்க்க வேண்டும். எஞ்சினை முடுக்கிப் புரொப்பல்லரைச் சுழற்றுபவருக்கும், நீர் சுழற்ற விடுபவருக்கும் வேறுபாடு உண்மையாகவே உண்டு. ஒருவருக்குத் தீங்கு இழைக்காதே என்னும் கடமை, ஒருவருக்கு உதவு என்னும் கடமையைவிட வலியது என்று ஃபுட் வாதிட்டதும் இந்த வேறுபாட்டின் மேல் நின்றுதான். ஆனால் வலிமை குறைந்த கடமையும் கடமையே.

இந்திய மரபில் இதே கேள்வி பகவத் கீதையின் நான்காம் அத்தியாயத்தில், 18ஆம் சுலோகத்தில் வருகிறது. செயலில் செயலின்மையையும் செயலின்மையில் செயலையும் காண்பவனே அறிவுடையவன் என்பது அதன் சாரம். இதற்கு உரை எழுதிய சங்கரரும் படகுக்கே வருகிறார். ஓடும் படகில் இருப்பவருக்குக் கரையில் அசையாமல் நிற்கும் மரங்கள் எதிர்த்திசையில் ஓடுவதாகத் தோன்றும். வெகுதொலைவில் உண்மையாகவே நகர்வது நிற்பதாகத் தோன்றும். அசையாத ஆன்மாவின் மேல் செயலை ஏற்றிச் சொல்வது முதல் மயக்கம். உடலும் மனமும் இயங்கிக்கொண்டிருக்கும்போதே ‘எதுவும் செய்யாமல் சும்மா இருக்கிறேன்’ என்று எண்ணிக்கொள்வது இரண்டாவது மயக்கம். ஈடுபடுவது, விலகுவது இரண்டுமே செய்பவன் ஒருவனைச் சார்ந்தவை என்கிறார் சங்கரர். விலகி நிற்பவரும் கர்த்தாதான் என்று சொன்ன பிறகு, சோம்பலைத் துறவென்று காட்டிக்கொள்ள வழியில்லை. இராமானுசர் அந்தச் சுலோகத்தை வேறு விதமாகப் படிக்கிறார். அங்கே செயலின்மை எனப்படுவது ஆன்ம ஞானம் என்பது அவர் கொள்கை. கைகளைக் கட்டிக்கொண்டிருப்பதற்கு அவரிடமும் ஆதரவு கிடைக்காது. அரசியலறத்தில் இதைச் சுருங்கச் சொன்னது திருக்குறளின் 466ஆம் குறள். செய்யத் தகாததைச் செய்வதோடு, செய்யத் தக்கதைச் செய்யாமலிருப்பதையும் அது கேட்டுக்குக் காரணமாக வைக்கிறது.

சமய நம்பிக்கையில் நடுநிலை காப்பவருக்கும் இந்தக் கேள்வி பொருந்துமா? பொருந்தும் என்றார் பிரெஞ்சு மெய்யியலாளர் பாஸ்கல். 1670இல், அவர் இறந்த பின் வெளியான குறிப்புகளில், கடவுள் உண்டா இல்லையா என்ற பந்தயத்தில் சேராமல் இருக்க முடியாது, மனிதர் ஏற்கெனவே கப்பலேறிவிட்டார் என்று வாதிட்டார். முடிவெடுக்காமல் இருப்பதும் ஒரு முடிவே, அதற்கும் இழப்பு உண்டு என்று 1896இல் அமெரிக்க மெய்யியலாளர் வில்லியம் ஜேம்ஸ் அதை விரித்தார். ஜேம்ஸ் எதிர்த்து எழுதியது ஆங்கில மெய்யியலாளர் கிளிஃபர்டின் 1877ஆம் ஆண்டுக் கட்டுரையை. அதன் நாயகர் ஒரு கப்பல் முதலாளி. கப்பல் பழையது என்று அறிந்தும், ஐயங்களை அடக்கி, இறைவன் காப்பான் என்று தேற்றிக்கொண்டு, குடிபெயர்வோரை ஏற்றி அனுப்புகிறார். கப்பல் நடுக்கடலில் மூழ்குகிறது. அது பத்திரமாகக் கரை சேர்ந்திருந்தாலும் அவர் குற்றவாளியே என்பது கிளிஃபர்டின் தீர்ப்பு. ஆராயாமல் நம்பியதே குற்றம். இருவரில் எவர் சரி? மறுமை பற்றிய கேள்வியில், சான்று போதவில்லை என்று காத்திருப்பவரைக் குறை சொல்ல முடியாது. காத்திருப்பதற்கான விலையை அவரே ஏற்கிறார். பிறர் உயிரைச் சுமக்கும் கப்பலின் முதலாளிக்கு அந்த உரிமை கிடையாது. அவர் தேடிப் பார்க்காமல் விட்டதன் விலையைக் கொடுத்தவர்கள் பயணிகள்.

கடலில் செல்பவர்கள் இந்தக் கேள்வியை மெய்யியலாளர்களின் கையில் மட்டும் விட்டுவைக்கவில்லை. 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடற்சட்ட உடன்படிக்கையின் 98ஆம் பிரிவு, கடலில் உயிருக்கு ஆபத்தான நிலையில் காணப்படும் எவருக்கும் கப்பல் தலைவர் உதவ வேண்டும் என்று தம் கொடி தாங்கிய கப்பல்களுக்கு விதிக்குமாறு நாடுகளைக் கட்டாயப்படுத்துகிறது. தம் கப்பலுக்கும் அதில் உள்ளோருக்கும் பெரும் ஆபத்து நேராத அளவில் மட்டுமே இந்தக் கடமை. கப்பலைச் செலுத்தும் அதிகாரம் எவரிடம் இருக்கிறதோ, அவர் உதவாமல் கடந்துபோவதை அந்தப் பிரிவு கடமைத் தவறாகவே கொள்கிறது. இந்தியா 1995இல் அந்த உடன்படிக்கையை ஏற்றது.