ஒரு வவுச்சரைக் கையில் கொடுங்கள்



உடையார்பாளையம் வட்டாரத்தில் பட்டப்படிப்பு முடித்த பிள்ளைகள் பெரும்பாலும் முதலில் குரூப் ஃபோர் தேர்வுக்குத்தான் படிக்க உட்காருவார்கள். அதில் நேர்காணல் கிடையாது. எழுத்துத் தேர்வு, சான்றிதழ் சரிபார்ப்பு, கலந்தாய்வு, அவ்வளவுதான். மத்திய அரசும் 2016 ஜனவரி 1 முதல் கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்காணலை எடுத்துவிட்டது. ஆகவே இந்தப் பிள்ளைகள் வாழ்க்கையில் முதன்முதலாக இன்டர்வியூ என்று போய் உட்காருவது ஒரு தனியார் அலுவலகத்தில்தான். அரியலூர்ச் சிமெண்ட் ஆலை ஒப்பந்ததாரர் அலுவலகமாக இருக்கலாம், ஜெயங்கொண்டத்து ஜவுளிக்கடையாக இருக்கலாம், ஒரு பள்ளிக்கூட அலுவலகமாக இருக்கலாம். அங்கே மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஆள் எடுப்பவர்களோடுதான் இன்று பேச விரும்புகிறேன்.

நாம் கேட்கும் கேள்விகளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். "எந்த ஊரும்மா? அப்பா என்ன செய்யறாரு? வீட்டுல எத்தனை பேரு?" பெண்ணாக இருந்தால், "கல்யாணம் ஆனா வேலையை விட்டுடுவியா?" கடைசியில், "உன்னைப் பத்தி இங்கிலீஷ்ல சொல்லு." ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. அந்தப் பெண்ணுக்கு ஒரு பில்லைக் கூட்டிச் சரிபார்க்கத் தெரியுமா, வந்த தபாலைப் பதிவேட்டில் ஏற்றத் தெரியுமா என்பது இத்தனை கேள்விகளிலும் வரவில்லை. அவளுடைய குடும்பத்தைத் தெரிந்துகொண்டோமே தவிர, வேலையைத் தெரிந்துகொள்ளவில்லை.

இதே குறை உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. சிறீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரியில் சேர எழுத்துத் தேர்வுக்கு 100 மதிப்பெண், நேர்காணலுக்கு 50. ஆளுக்கு இரண்டு மூன்று நிமிடம்தான் பேசினார்கள், அதிலும் பெற்றோரையும் ஊரையும்தான் விசாரித்தார்கள் என்று மாணவர்கள் முறையிட்டார்கள். அஜய் ஹாசியா வழக்கு என்று அதற்குப் பெயர். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கை நேர்காணலுக்கு ஒதுக்குவது நியாயமில்லை, 15 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று 1980 நவம்பரில் தீர்ப்பு வந்தது. கல்லூரிச் சேர்க்கைக்குச் சொன்னதுதான். ஆனாலும் ஒரு மனிதரை எதிரே உட்கார வைத்து எடை போடும் எல்லாருக்கும் அதில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது.

சரியான முறைக்கு ஓர் உதாரணம் நமக்குப் பக்கத்திலேயே உண்டு. உ.வே. சாமிநாதையரின் தந்தை வேங்கடசுப்பையர், உடையார்பாளையம் சமஸ்தான வித்துவான் கனம் கிருஷ்ணையரிடம் சங்கீதம் கற்றவர். சாமிநாதையர் சிறுவயதில் அரியலூரில் இருந்து படித்தவர். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் தியாகராச செட்டியார் ஓய்வு பெறும்போது, தம் இடத்துக்கு இவரைச் சிபாரிசு செய்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர் என்பதைத் தவிர இவர் கையில் ஒரு பட்டமும் இல்லை; ஆங்கிலப் படிப்பும் இல்லை. செட்டியாரின் சொல்லுக்கு அங்கே நல்ல மதிப்பு இருந்தது. இருந்தும் கல்லூரிக்காரர்கள் சிபாரிசோடு விட்டுவிடவில்லை. செய்யுள்களைச் சொல்லச் சொன்னார்கள், பொருள் கேட்டார்கள், அங்கேயே ஒரு பாட்டு இயற்றச் சொன்னார்கள். தமிழாசிரியர் வகுப்பில் என்ன செய்ய வேண்டுமோ அதையே செய்யச் சொல்லிப் பார்த்தார்கள். அந்த ஆண்டு பிப்ரவரியிலேயே மாதம் 50 ரூபாய்ச் சம்பளத்தில் அவர் வேலையில் சேர்ந்தார். அவருடைய பதிப்பு வேலை எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நம் அலுவலகங்களிலும் இதைச் செய்யலாம். செலவே இல்லை. பத்து வவுச்சரைக் கொடுத்து, அதில் ஒன்றில் மட்டும் கூட்டலைத் தப்பாக வைத்து, கண்டுபிடிக்கிறார்களா பாருங்கள். சரக்கு வரத் தாமதமாகும் என்று ஒரு வாடிக்கையாளருக்கு நான்கு வரிக் கடிதம் தமிழில் எழுதச் சொல்லுங்கள். கோபமாகப் பேசும் ஒருவருக்குப் போனில் எப்படிப் பதில் சொல்வாய் என்று பேசிக் காட்டச் சொல்லுங்கள். அரை மணி நேரம் போதும். எல்லாருக்கும் அதே வவுச்சர், அதே கடிதம், அதே கேள்வி. பார்ப்பவர் இருவர் இருந்தால், ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதற்கு முன்பே தனித்தனியாக மதிப்பெண் எழுதிவிட வேண்டும். இல்லையென்றால் முதலாளி முகத்தைப் பார்த்து மற்றவர் பேனா நகரும்.

இன்னொன்றும் மனசில் கிடந்து உறுத்துகிறது. முதல் வேலைக்கு ஆள் தேடும் விளம்பரத்திலேயே இரண்டு வருட அனுபவம் கேட்கிறோம். வீட்டில் முதல் பட்டதாரியாக வரும் பிள்ளை அந்த அனுபவத்துக்கு எங்கே போகும்? டேலி கணக்கு மென்பொருள் இரண்டு மாதத்தில் பழகிவிடும். சொன்னதைக் கவனமாகக் கேட்பதும், தெரியாததைத் தெரியாது என்று சொல்வதும்தான் அந்த அரை மணி நேரத்தில் நாம் தேட வேண்டியவை. நடுங்கிக்கொண்டே பேசினாலும் கூட்டலில் இருந்த தப்பைச் சரியாகச் சுட்டிய பிள்ளையை, சரளமாகப் பேசியவருக்காக விட்டுவிடாதீர்கள்.

ஆண்டிமடத்திலிருந்தும் தா.பழூரிலிருந்தும் செந்துறையிலிருந்தும் பஸ் பிடித்து, சான்றிதழ்களை நகலெடுத்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு வருகிறார்கள். "சொல்லி அனுப்பறோம்" என்று சொல்லிவிட்டு நாம் சொல்லாமலே இருந்துவிடுகிறோம். அவர்கள் போனைப் பார்த்துக்கொண்டே மற்ற இடங்களுக்கு விண்ணப்பிக்காமல் காத்திருக்கிறார்கள். இந்த வாரம் உங்கள் அலுவலகத்துக்கு ஆள் எடுப்பதாக இருந்தால், தேர்வாகாதவர்களுக்கும் ஒரு தேதி சொல்லி, அந்தத் தேதியில் முடிவைத் தெரிவித்துவிடுங்கள்.