அட்டையில் பதிந்த பெயர்

புத்தகத்தின் முன்னட்டைக்கு உட்புறம் சிறு அச்சுச் சீட்டு ஒன்றை ஒட்டி வைப்பார்கள். உடையவரின் பெயர், குலச்சின்னம், சில சமயம் ஒரு சித்திரம். 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மனியில் தொடங்கிய வழக்கம். பின்னாளில் சீட்டை மட்டும் சேர்க்கும் ஆசை பிறந்தது. பைண்டிங் மாற்றும்போது கழிந்த பழைய அட்டைகளிலிருந்து உரித்து எடுத்தார்கள். ஒரே சீட்டு இரண்டு இருந்தால் ஒன்றைக் கொடுத்து வேறொன்று வாங்கிக்கொண்டார்கள். 1891இல் இதற்கென்றே லண்டனில் ஒரு சங்கம் எழுந்தது. பிரிட்டிஷ் மியூசியத்தில் பணியாற்றிய அகஸ்டஸ் பிராங்க்ஸ் 1897இல் இறந்தபோது, தான் திரட்டிய சீட்டுகளை அந்த மியூசியத்துக்கே விட்டுச் சென்றார். பிரிட்டிஷ், அமெரிக்கச் சீட்டுகளின் பட்டியலே 3 தொகுதிகள் ஆயிற்று.

இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. உரித்த சீட்டில் உடையவர் பெயர் இருக்கிறது. அவர் என்ன படித்தார் என்பது இல்லை.

*

நூலோடு ஒட்டியே நின்ற பெயர்களும் உண்டு. மைசூருக்குப் பக்கத்திலேயே ஸ்ரீரங்கப்பட்டணம். 1799 மே 4 அன்று அதன் கோட்டை பிரிட்டிஷ் படையிடம் விழுந்தது. அதை ஆண்ட திப்பு சுல்தானின் நூலகத்தில் சுமார் 2,000 நூல்கள் இருந்தன. 1809இல் கீழ்த்திசை மொழிப் பேராசிரியர் சார்லஸ் ஸ்டூவர்ட் அவற்றுக்குப் பட்டியல் வெளியிட்டார். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கட்டிய அட்டைகளை அவர் நின்று பார்த்து எழுதியிருக்கிறார். நடுவில் ஒரு பதக்கம். அதற்குள் இறைவன், நபி, அவர் மகள், பேரர்கள் பெயர்கள். நான்கு மூலைக்கு நான்கு கலீபாக்கள். மேலே ‘சர்க்காரே குதாதாத்’, இறைவன் அளித்த அரசு. கீழே ‘அல்லா காஃபி’, இறைவனே போதும்.

அந்த நூல்களில் திப்புவோ அவர் தந்தை ஹைதரோ விலை கொடுத்து வாங்கியவை மிகக் குறைவு. சாவனூர், கடப்பை என்று வென்ற ஊர்களிலிருந்து வந்தவையே அதிகம். சில அதற்கும் முன்பு பிஜாப்பூர், கோல்கொண்டா அரசர்களிடம் இருந்தவை. பிறகு அவையும் கொள்ளைப் பொருளாகி, கல்கத்தாவுக்கும் லண்டனுக்கும் போயின. லண்டன் போனவை இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. பிராங்க்ஸின் சீட்டுகளைவிட இந்த அட்டைகளே எனக்கு அதிகம் பேசுகின்றன. பெயர் நூலோடு ஒட்டியே இருப்பதால், அந்த நூல் யாரிடமிருந்து யாரிடம் போனது என்று விடாமல் கேட்க முடிகிறது.

*

லண்டனில் சங்கம் எழுந்த அதே 1891இல் மைசூரில் கீழ்த்திசை நூலகம் தொடங்கியது. இன்றைய கீழ்த்திசை ஆய்வு நிறுவனம். வீட்டுப் பரண்களில் கிடந்த ஏடுகள் அங்கே சேர்ந்தன. பல ஏடுகளின் கடைசி ஓலையில் எழுதியவர் பெயர் இருக்கும். கொண்டுவந்து கொடுத்தவர் பெயர் ஏட்டில் ஏறுவதில்லை. அந்த நூலகத்தில் பணியாற்றிய ஆர். சாமசாஸ்திரி 1909இல் அச்சேற்றிய அர்த்தசாஸ்திரமும் அப்படி வந்ததுதான். கிரந்த எழுத்தில் இருந்த அந்த ஓலைக்கட்டைத் தந்தவரை, தஞ்சாவூர் ஜில்லாவைச் சேர்ந்த ஒரு பண்டிதர் என்று மட்டுமே அவர் குறிப்பிட்டார். எத்தனை தலைமுறை அந்த வீட்டில் அதைக் காத்தார்கள், ஏன் இத்தனை தூரம் கொண்டுவந்து கொடுத்தார்கள்? அந்த ஒரு பெயரை எழுதி வைத்திருந்தால், கேட்டுப்போக ஓர் ஊராவது இருந்திருக்கும்.