தொட்டி மீனும் தீர்த்த யாத்திரையும்

சென்ற ஆண்டுக் குளிர்காலத்தில் நம் குடும்பத்தார் அனைவரும் சம்மேத சிகர்ஜிக்குத் தீர்த்த யாத்திரை சென்று வந்தோம். இருபது தீர்த்தங்கரர்கள் முக்தி எய்திய அம்மலையை வலம்வரும் பேறு எழுபது வயதைக் கடந்த பின்னரே நமக்கு வாய்த்தது. (டோலியில்தான் சென்றோம் என்பதையும் மறைக்காமல் கூறிவிடுகிறோம்.) அப்பயணத்தைப் பற்றியே எழுத எண்ணியிருந்தோம். ஆனால் இல்லம் திரும்பிய அன்று கண்ட காட்சி, எழுதுகோலை வேறு திசைக்குத் திருப்பிவிட்டது.

நம் பேரன் ஒரு கண்ணாடித் தொட்டியில் ஆறு தங்கமீன்கள் வளர்த்து வந்தான். பிறந்தநாளுக்கு அவன் விரும்பிக் கேட்டான். வாங்கிக் கொடுத்தவர் நாமே. ஒன்பது நாள் வீடு பூட்டிக் கிடக்குமே, அவற்றிற்கு உணவிடுவார் யார் என்ற கவலை புறப்படும் நாளன்றுதான் எழுந்தது. பக்கத்து வீட்டு அம்மையார் மிகுந்த இரக்க குணம் உடையவர். அவரிடம் சாவியையும் உணவு டப்பாவையும் கொடுத்து, "நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் அம்மா" என்று கூறிவிட்டு இரயில் ஏறினோம். நாள்தோறும் மாலையில் கைபேசியில் அழைப்பார். "டீச்சரம்மா, கவலையே வேண்டாம். போட்டவுடன் ஓடி வந்து தின்கின்றன. ஒரு வேளைகூடப் பட்டினி போடவில்லை" என்பார். நாமும் மகிழ்ந்தோம்.

திரும்பி வந்து கதவைத் திறந்தபோது துர்நாற்றம் வீசியது. தொட்டி நீர் கஞ்சி போல் வெளுத்திருந்தது. நான்கு மீன்கள் இறந்து மிதந்தன. எஞ்சிய இரண்டும் நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. இரண்டு மாதத்திற்கு வரவேண்டிய உணவு டப்பாவின் அடியில் ஒரு சிட்டிகை கிடந்தது.

பின்னர் விவரம் அறிந்தவர்களைக் கேட்டோம். சென்னை கொளத்தூரில் வண்ணமீன் விற்கும் ஒருவரும் பேரனின் அறிவியல் ஆசிரியரும் ஒன்றே போல் விடை பகர்ந்தனர். மீன் நம்மைப்போல் உடலின் சூட்டைக் காக்க உணவை எரிக்கும் உயிர் அன்று. எனவே நலமாக உள்ள வளர்ந்த மீன் ஒரு வாரம் வரை உணவின்றித் தாங்கும். குஞ்சுகட்கு மட்டும் இது பொருந்தாது. உண்ணாது எஞ்சிய உணவோ அடியில் தங்கி அழுகுகிறது. அவ்வழுகலும் மீனின் கழிவும் சேர்ந்து அம்மோனியாவைப் பெருக்குகின்றன. வடிகட்டியில் வாழும் நுண்ணுயிர்கள் அதனை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர்த் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. ஆயினும் அவற்றின் ஆற்றலுக்கும் ஓர் எல்லை உண்டு. எல்லை கடந்தால் அந்நஞ்சு மீனின் செவுளைப் புண்படுத்துகிறது. அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயுவும் குறைந்துவிடுகிறது. ஒன்பது நாளில் இருமுறை சிறிதளவு இட்டிருந்தாலே போதுமாம். பட்டினிக்கு அஞ்சினோம், கொன்றது உணவு.

இங்கேதான் நம் மனத்தை வருத்திய வினா எழுந்தது. இந்த நான்கு உயிர்களின் இறப்பு யாரைச் சாரும்? தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம், கொல்லாமை அணுவிரதத்திற்கு நேரும் அதிசாரங்கள் ஐந்து எனக் கூறுகிறது. கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், அளவு மீறிச் சுமையேற்றல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. பக்கத்து வீட்டு அம்மையார் ஐந்தாவதைச் செய்யவில்லை. அதற்கு நேர்மாறாகவே செய்தார். அவர் உள்ளத்தில் பரிவன்றி வேறில்லை. அதே அத்தியாயம் இம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்துப் பிரமாதத்தை, அதாவது விழிப்பின்மையை, முதற்கண் வைக்கிறது. அந்த விழிப்பின்மை யாருடையது? அளவு சொல்லாமல் டப்பாவைக் கையில் கொடுத்தவர்களுடையது அன்றோ!

ஆசிரியப் பயிற்சியில் நமக்குக் கற்பித்தது இது: வகுப்பில் பலரும் ஒரே தவற்றைச் செய்தால், மாணவரைக் கடிவதற்கு முன் நீ கேட்ட வினாவைத் திருப்பிப் பார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதனைப் பின்பற்றிய நாம், "நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்பது ஒரு கட்டளையே அன்று என்பதை மறந்தோம். நல்ஞானத்தை நல்லொழுக்கத்திற்கு முன் வைத்தனர் நம் ஆசாரியர்கள். அவ்வரிசையைப் பிள்ளைகளுக்கு ஒப்புவிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறோம். நம் வீட்டுத் தொட்டியருகில் அது நினைவுக்கு வரவில்லை.

இன்னும் ஒன்று. அதிசாரங்களில் உணவு தடுத்தலுக்கு முன்னே கட்டுதல் நிற்கிறது. குளத்து மீன் பசித்தால் பாசியைத் தேடிச் செல்லும். நீர் கெட்டால் விலகிப் போகும். தொட்டி மீன் எங்கே போகும்? யாத்திரையில் நாம் ஒருநாள் உபவாசம் இருந்தோம். அது நாமே விரும்பி மேற்கொண்டது. அடைத்து வைத்த உயிரின் பசியை உபவாசம் என்று சொல்ல நா கூசுகிறது. வெளியூர் செல்லும்போது மீனுக்கு என்ன செய்வது என்ற வினா, தொட்டியை வாங்கிய நாளிலேயே எழுந்திருக்க வேண்டியது.

சொல்லவும் நாணும் செய்தி வேறு உள்ளது. காலி டப்பாவைக் கழுவும்போது பேரன் அதன் மேலிருந்த எழுத்தைப் படித்தான். மீன் தூள், இறால் தூள்! இரவில் உண்ணாத, நீரை வடிகட்டிப் பருகும் குடும்பத்தின் அலமாரியில் அது ஓராண்டாக இருந்திருக்கிறது. தங்கமீன் தாவர உணவும் ஏற்கும் என்பதால் இப்போது வேகவைத்துத் தோலுரித்த பட்டாணி தருகிறோம். அது மட்டும் அதற்கு நிறையுணவாகாது என்கிறார்கள். பாசி கலந்த உணவைத் தேடி வாங்குகிறோம். டப்பாவின் எழுத்தைப் படித்த பின்னரே வாங்குகிறோம்.

ஏரியில் விட்டுவிடலாமே என்றார் உறவினர் ஒருவர். அதுவும் அறமாகத் தோன்றவில்லை. தொட்டிக் கண்ணாடியின் பாசியை மேயட்டும் என்று வாங்கப்படும் 'சக்கர்' மீன் தென்னமெரிக்காவுக்கு உரியது. வளர்த்தவர்கள் இரக்கப்பட்டோ சலித்தோ வெளியே விட்டதால் அது இன்று தமிழக நீர்நிலைகளிலும் பெருகி, உள்ளூர் மீன்களின் உணவையும் இடத்தையும் பறிக்கிறது. இரண்டை விடுவித்து எத்தனையோ உயிர்க்கு இடர் செய்வதா? இவ்விரண்டும் வாழும் வரை நம்மிடமே இருக்கட்டும். புதிதாக ஒன்றும் சேர்ப்பதில்லை என்று பேரனும் நாமும் முடிவு செய்தோம். நன்கு பேணினால் தங்கமீன் பத்தாண்டுக்கு மேலும் வாழுமாம். கடன் நீண்டதுதான்.

அந்த அம்மையார் அன்று கண்ணீர் விட்டார். "பிழை எங்களுடையது" என்று பலமுறை கூறியும் அவர் மனம் ஆறவில்லை. வரும் கோடையில் ஒரு திருமணத்திற்காக ஐந்து நாள் வெளியூர் செல்கிறோம். மீண்டும் அவரிடமே சென்றோம். பேரன் ஒரே ஒரு சிறு பொட்டலம் கட்டி, அதன்மேல் மூன்றாம் நாளின் தேதியை எழுதியிருந்தான். மின்சாரம் நின்றால் காற்றுக்குழாய் மீண்டும் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும் என்பதையும் தாளில் எழுதிக் கொடுத்தான். "இவ்வளவுதானா? பாவம், பசிக்காதா?" என்று அவர் தயங்கினார். அவன் பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கினான். அவர் பொட்டலத்தை வாங்கித் தம் பூஜை அலமாரியில் வைத்துக்கொண்டார்.