ஊசி பிடித்த கை

2024 டிசம்பரில் திருச்சி மேலச்சிந்தாமணியில், பச்சை குத்தும் கடையொன்றில் மருத்துவப் படிப்பின்றி நாவை இரண்டாகப் பிளந்தனர் என்ற குற்றச்சாட்டில் இருவர் கைதாயினர். "கேட்டவன் பட்டான்" என்போர் உண்டு. முகச்சுருக்கம் நீங்க ஊசி ஏற்றிக்கொண்டு அல்லற்படுவோருக்கும் இதே தீர்ப்புத்தான். அழகாசை என்றதும் இரக்கம் சுருங்கிவிடுகிறது. காவிரிப் பாலத்தில் விரைந்து சென்று விழுந்தவரை, திருவரங்கத்துக்கு என்ன அவசரம் என்று கேட்டுவிட்டா தூக்குகிறோம்?

அத்தகைய ஊசிகள் பலவற்றில் இருப்பது ஹயலுரோனிக் அமிலக் கூழ். சிவப்பும் வீக்கமும் பொதுவாகச் சில நாளில் தணியும். கூழ் இரத்தக் குழாய்க்குள் புகுந்தாலோ குருதியோட்டம் தடைப்பட்டுத் தோல் அழுகலாம். மூக்கருகே, புருவ நடுவே ஏற்றும்போது பார்வையே போகலாம். அரிதுதான், ஆயினும் போன பார்வை மீள்வதும் அரிது. ஹயலுரோனிடேஸ் என்னும் மருந்து கூழைக் கரைக்கும். தாமதித்தால் பயன் குறையும்.

இவற்றைக் கேட்டவர் அறியார். அறிந்து சொல்ல வேண்டியவர் ஊசி பிடித்தவர். சொல்லாமல் பெற்ற ஒப்புதல் வெறும் கையெழுத்தே. கரைக்கும் மருந்தை அருகில் வையாது ஊசியை எடுப்பவர் பட்டம் பெற்ற மருத்துவரேயானாலும், நம் சினம் அவர்மீதே செல்லுதல் முறை. முகம் கறுத்து வந்து நிற்பவர்மீது அன்று.