இரண்டு எலக்ட்ரான்கள்

ஆர்கான் உள்ளே போகிறது. காற்று வெளியேறுகிறது. குடுவையில் ஈரம் இல்லை.

டெட்ராஹைட்ரோஃபியூரான். அதில் லித்தியம் பெர்குளோரேட். பிறகு மெதில்ஃபீனைல் டைகுளோரோசிலேன். கலந்த பின்னும் நிறமில்லை.

ஒரு துளி வெளியே சிந்துகிறது. காற்றின் ஈரம் பட்டு வெண்புகை. மூக்கில் ஹைட்ரஜன் குளோரைடின் நெடி. சிலிக்கான் ஆக்சிஜனை நோக்கியே சாய்கிறது. மணலும் பாறையும் அந்தச் சாய்வில் உண்டானவை.

1863. பாரிஸில் வேதியியலாளர்கள் ஃபிரீடலும் கிராஃப்ட்ஸும். மூடிய கண்ணாடிக் குழாயில், சிலிக்கானின் மேல் நான்கு எதில் தொகுதிகள். சிலிக்கானும் கார்பனும் மனிதக் கையால் பிணைகின்றன.

சிலிக்கானைச் சிலிக்கானோடு கோக்கும் பழைய வழி நினைவில் எழுகிறது. கொதிக்கும் டொலுவீன், 110 டிகிரி. உள்ளே உருகிய சோடியம். அத்தனை வெப்பமும் ஆபத்தும் எலக்ட்ரானைத் தருவதற்காக.

இங்கே அறையின் வெப்பம் போதும்.

இரண்டு மக்னீசியத் தகடுகள். மின்சாரம் ஓடுகிறது. கண்ணுக்கு ஒன்றும் நிகழவில்லை.

எதிர்மின்வாயில் குளோரின் எலக்ட்ரானுடன் விலகுகிறது. சிலிக்கான் தனித்து நிற்பதில்லை. அருகில் இருக்கும் குளோரோசிலேனைப் பற்றுகிறது.

இரண்டு கார்பன் அணுக்களுக்கு இடையே 1.54 ஆங்ஸ்ட்ராம். இரண்டு சிலிக்கான்களுக்கு இடையே 2.34.

நீண்ட, தளர்ந்த பிணைப்பு. அதன் வழியே எலக்ட்ரான்கள் சங்கிலி நெடுகப் பரவுகின்றன. புற ஊதா ஒளி அங்கே உறிஞ்சப்படுகிறது.

ஒவ்வொரு மூலக்கூறிலும் குளோரின் இரண்டு. அதனால் சங்கிலிக்கு இரு பக்கமும் வழி.

1976. ஆஸ்திரியாவின் கிராட்ஸில் ஹெங்கேயும் லிட்ஷரும் சிலிக்கான்–சிலிக்கான் பிணைப்பை மின்சாரத்தால் உண்டாக்குகிறார்கள். பிறகு ஜப்பானில் ஷோனோவும் கஷிமுராவும் இந்த மக்னீசியத் தகடுகளோடு.

சில நொடிகள். முனைகள் மாறுகின்றன. தேய்ந்த தகடு ஓய்கிறது. ஓய்ந்த தகடு தேய்கிறது.

வெளியே எடுக்கையில் பளபளப்பு இல்லை. விரல் நுனியில் சொரசொரப்பு. சிறு குழிகள். கரைந்த மக்னீசியம் குளோரைடோடு உப்பாகக் கிடக்கிறது.

சோடியம் தருவதும் எலக்ட்ரான். மக்னீசியம் தருவதும் எலக்ட்ரான். உருகிய சோடியம் உள்ளதையெல்லாம் ஒரே மூச்சில் தருகிறது. மின்கலத்தில் கொடை அளவோடு நடக்கிறது. திருகைத் திருப்பினால் குறைகிறது. நிறுத்தினால் நிற்கிறது.

இந்த அளவின் மேல் மனம் தங்குகிறது.

கரையும் மக்னீசிய அணு ஒன்று. எலக்ட்ரான்கள் இரண்டு. சிலிக்கான்–சிலிக்கான் பிணைப்பு ஒன்று.