திருமேனியாகிய உலகம்

மாலை மயங்கும் வேளையில் சுங்குவார்சத்திரம் கூட்டுரோட்டில் நின்றால், ஷிப்ட் மாறும் தொழிலாளரை ஏற்றிய கம்பெனி பஸ்கள் வரிசையாய் ஊர்ந்து செல்ல, சூரியன் மறைந்த பின்னும் தொழிற்சாலைகள் பகலைப் போலச் சுடர்வதைக் காணலாம். அருகிலுள்ள ஸ்ரீபெரும்புதூரில் 1017-இல் அவதரித்த இராமாநுஜர், அறிவுடைய சித்தும் அறிவற்ற அசித்துமாகிய பிரபஞ்சம் முழுவதும் பரமாத்மாவுக்குச் சரீரம் என்று உபதேசித்தார். அவ்வூரையடுத்த பிள்ளைப்பாக்கத்தில், ஆண்டுக்கு 3.3 ஜிகாவாட் அளவுக்குச் சூரிய மின்தகடுகளைச் செய்யவல்ல ஃபர்ஸ்ட் சோலார் ஆலை 2024-இல் திறக்கப்பட்டது.

2025-இல் நம் தேசத்தின் மின் நிறுவுதிறனில் பாதி, நிலக்கரி முதலிய எரிபொருள்களைச் சாராததாயிற்று. ஆயினும் இரவில் வெயில் இல்லாமையாலும், காற்று நம் கட்டளைக்கு வீசாமையாலும், மின்சாரத்தைச் சேமிக்கும் சாதனங்கள் இன்னும் போதாமையாலும், உற்பத்தியாகும் மின்சாரத்தில் பெரும்பகுதியை இன்றும் நிலக்கரியே தருகிறது. அதன் விலை என்னவென்பதை, எண்ணூரில் கொசஸ்தலையாற்றுக் கழியில் படிந்து கிடக்கும் சாம்பலே சொல்லும்.

உலகம் இறைவனின் திருமேனியென்றால், அதைப் புண்படுத்திப் பெறும் சுகம் தர்மமாகுமா? ஆகாது. ஆனால் ஏழையின் வீட்டு விளக்கை அணைப்பதும் தர்மமன்று. அவனும் அத்திருமேனியின் அங்கமே. ஆகையால் வசதி படைத்தோர் தம் நுகர்வைச் சுருக்குவதும், அரசும் ஆலைகளும் மின்சேமிப்புக்குத் தாராளமாய்ப் பொருள் செலவிடுவதும், இக்காலத்தில் ஆராதனைக்கு நிகரான கடமைகளாம். அன்பர்களே, இன்றிரவு வீணாய் எரியும் ஒரு விளக்கை அணைத்து, அந்த வழிபாட்டைத் தொடங்குவோம்.